1.99 பவுண்டு கேசட் விளையாட்டுகள்: எதை முதலில் ஏற்றிப் பார்க்கலாம்?

வெள்ளைநாடா

வணக்கம். நான் லெஸ்டரில் இருக்கிறேன். போன ஞாயிறு இங்கே ஒரு கார் பூட் சந்தையில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பிளஸ் (எண்பதுகளின் வீட்டுக் கணினி) ஒன்றும், கூடவே ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கேசட்டுகளும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து எண்ணினால் 31 கேசட். அதில் 26-ன் மேல் 1.99 என்ற விலைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர்டிரானிக், ஃபயர்பேர்ட், கோட்மாஸ்டர்ஸ், பிளேயர்ஸ் என்று வெளியிட்ட கம்பெனிகளின் பெயர்கள். யாரோ ஒரு பிள்ளை பல வருடம் சேர்த்து வைத்த பெட்டி என்று பார்த்தவுடனே தெரிகிறது.

நான் ஊரில் வளர்ந்தவன். இந்த மெஷினைச் சின்ன வயதில் தொட்டதே இல்லை. முழு விலை விளையாட்டுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் இந்த மலிவு விலை ஆர்கேட் (நாணயம் போட்டு ஆடும் பெட்டிகளின் பாணி) விளையாட்டுகளைப் பற்றி யாரும் விரிவாகப் பேசிப் பார்த்ததில்லை. இவை உண்மையிலேயே இரண்டாந்தரமா? என் மகளுக்குப் பதினொரு வயது. அவளோடு உட்கார்ந்து ஆட ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

முத்து 3.5

முதலில் ஒரு எச்சரிக்கை தம்பி. பெட்டியில் பவர் அடாப்டர் இருந்ததா? ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் வேண்டும், அதுவும் நடு முனை நெகட்டிவ். கையில் இருக்கிற வேறு அடாப்டரைச் செருகினால் போர்டு போய்விடும். ஒருமுறை மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இனி உங்கள் கேள்வி. நான் 1986-ல் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தேன். கையில் காசு குறைவு, அதனால் 1.99 கேசட் நிறைய வாங்கினேன். என் அனுபவத்தில் முக்கால்வாசி தேறாது. அட்டைப்படத்தில் விண்கலம் தீப்பிழம்போடு பறக்கும். உள்ளே போனால் இரண்டு கட்டம் நகர்ந்து நகர்ந்து போகும் ஒரு முக்கோணம் இருக்கும். ஒரு கேசட்டில் மூன்றாவது அறைக்கு மேல் போகவே வழியில்லை, நிரலில் பிழை. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் கேசட் ஓடுகிறதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வாரச் சாப்பாட்டுக் காசு அது.

மேனிக் மைனர், ஜெட் செட் வில்லி, நைட் லோர், இந்த மூன்றையும் முதலில் ஆடுங்கள். அதற்குப் பிறகு நேரம் மிஞ்சினால் இந்தப் பெட்டியைப் பார்க்கலாம்.

ரூட்டிங் பெடியன்

முத்து அண்ணை, நீங்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் கேசட்டுகளை வாங்கியவர்கள் யார் என்பதையும் பார்க்கவேணும்.

எங்கட அப்பா 84இல் லண்டனுக்கு வந்தவர். நானும் அம்மாவும் 85 மார்கழியில் வந்து சேர்ந்தோம். அப்பா அப்போது தென் லண்டனில் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. அந்தக் காலத்தில் எங்கட ஆக்கள் கனபேர் செய்த வேலை அதுதான். அங்கே காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில், சொக்லேட்டுக்கும் என்ஜின் ஒயிலுக்கும் நடுவில், ஒரு சுழலும் கம்பித் தட்டு. அதில் முழுக்க மாஸ்டர்டிரானிக் கேசட். நான் முதன்முதலில் கொம்பியூட்டர் விளையாட்டைக் கண்டது கடையில் இல்லை, அந்தத் தட்டில்தான்.

அந்த நேரம் ஒரு முழு விலை விளையாட்டு 7.95, 8.95, 9.95 என்று போகும். அல்டிமேட் கொம்பனி முதலில் 5.50க்கு வித்துக்கொண்டிருந்தது, சேபர் வுல்ஃப் வந்தபோது 9.95 ஆக்கியது. 9.95 என்பது எங்களைப் போன்ற வீட்டில் பிறந்தநாளுக்கோ நத்தாருக்கோ மட்டும் கேட்கக்கூடிய காசு. 1.99 அப்படியில்லை. இரண்டு மூன்று கிழமை கைச்செலவுக் காசைச் சேர்த்தால் வரும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை, நானே தெரிவு செய்யலாம். பிழையான ஒன்றை வாங்கினால் அதுவும் என்னுடைய பிழை. ஒரு பன்னிரண்டு வயதுப் பெடியனுக்கு அது பெரிய விசயம் அண்ணை.

வேறொன்றும் உண்டு. பள்ளியில் எல்லோரும் இரட்டைக் கேசட் ரெக்கோர்டரில் விளையாட்டுகளைப் பதிந்து மாற்றிக்கொள்வார்கள். வெறும் கேசட்டுக்கே ஒரு பவுணுக்குக் கிட்டப் போகும். அதோடு இன்னும் கொஞ்சம் போட்டால் அட்டையோடு அசல் கிடைக்கும் என்றால், பதிய மனம் வராது. என்னிடம் இருந்த கேசட்டுகளில் பதிந்தவை எல்லாம் முழு விலை விளையாட்டுகள், அசல் எல்லாம் 1.99.

அசெம்ப்ளி ஆனந்தி

வெள்ளைநாடா, அந்தப் பெட்டியில் திரஸ்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்பேர்ட், 1986. இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள், வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

நான் சென்னையில் இருக்கிறேன், வேலையில் சின்னச் சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களுக்கு நிரல் எழுதுகிறவள். திரஸ்டை முதலில் எமுலேட்டரில்தான், அதாவது பழைய மெஷினைப் போல நடிக்கும் நிரலில்தான் ஆடினேன், பிறகு அதற்காகவே அந்தக் காலத்துக் கமடோர் 64 கணினி ஒன்று வாங்கினேன். ஜெரமி ஸ்மித் எழுதியது. இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, உந்து, சுடு, கேடயம். கட்டுப்பாடு அவ்வளவுதான். கோளின் ஈர்ப்பு உங்களைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். குகைக்குள் ஒரு உருண்டை இருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு மேலே வரவேண்டும்.

விஷயம் தொடங்குவது அந்த உருண்டை கலத்தோடு ஒட்டிய பிறகுதான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது கயிறு இல்லை, வளையாத கம்பி. நீங்கள் உருண்டையை இழுக்கிற அளவுக்கு அதுவும் உங்களை இழுக்கும். ஒருமுறை ஊசலாட விட்டுவிட்டால், அதை நிறுத்தப் போய் நீங்கள் சுவரில் மோதுவீர்கள். எரிபொருள் வேறு தீர்ந்துகொண்டே இருக்கும். ஆறு நிலைகளை முடித்தால் அதே நிலைகள் திரும்ப வரும், ஆனால் ஈர்ப்பு தலைகீழாக இருக்கும். அதையும் முடித்தால் நிலமே கண்ணுக்குத் தெரியாது. ஏற்கெனவே பழகிய குகையை மனதிலிருந்து ஓட்டவேண்டும். புதிதாக ஒரு படம்கூட வரையாமல் விளையாட்டைப் பல மடங்காக நீட்டியிருக்கிறார். நினைவகத்தை பைட் பைட்டாக எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முத்து சார், ஆர்கேட் பெட்டியிலிருந்து வீட்டுக் கணினிக்கு மாற்றி முழு விலையில் விற்ற விளையாட்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சேகாவின் ஸ்பேஸ் ஹாரியர் பெட்டியில் இரண்டு 68000 செயலிகள், உருவங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்க என்றே தனி வன்பொருள். ஸ்பெக்ட்ரமில் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 ஒன்று மட்டும். திரை நினைவகத்தின் 6144 பைட்டை எல்.டி.ஐ.ஆர் கட்டளையால் இடம் மாற்றினாலே, பைட்டுக்கு செயலியின் 21 கடிகாரத் துடிப்பு வீதம் 1,29,024 துடிப்பு ஆகிறது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரத்துக்குக் கிடைப்பது 69,888 மட்டுமே. திரையை நகர்த்துவதிலேயே ஏறத்தாழ இரண்டு ஃபிரேம் போய்விடும், விளையாட்டுக்கு நேரம் எங்கே? சேகாவின் கார் விளையாட்டான அவுட் ரன் வீட்டுக் கணினிக்கு வந்தபோது கூடவே ஆர்கேட் இசை பதிந்த ஒரு கேசட்டும் கொடுத்தார்கள். அந்த இசையை கேட்டுக்கொண்டே ஸ்பெக்ட்ரமில் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

1.99 எழுத்தாளரிடம் உரிமம் இல்லை, ஊரறிந்த பெயர் இல்லை. அந்த மெஷினால் எது முடியுமோ அதிலிருந்துதான் அவர் தொடங்க முடியும். ஆர்கேட் என்பது படத்தின் பளபளப்பு என்று நான் நினைக்கவில்லை. காசு போட்ட அரை நிமிடத்துக்குள் என்ன செய்யவேண்டும் என்று கைக்குப் புரியவேண்டும், செத்தவுடன் இன்னொருமுறை என்று தோன்றவேண்டும். அந்தக் குணம் பெரிய பெயர்களை விட இந்த மலிவு கேசட்டுகளில் எனக்கு அதிகம் கிடைத்தது.

முத்து 3.5

திரஸ்ட் நல்ல விளையாட்டு, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆனந்தி, அது முதலில் பிபிசி மைக்ரோ என்ற வேறொரு கணினிக்கு எழுதியது. அங்கே அதை வெளியிட்டது சுப்பீரியர் சாஃப்ட்வேர், மலிவு லேபிளில் இல்லை. மற்ற மெஷின்களுக்கு வந்தபோதுதான் ஃபயர்பேர்ட் அதை 1.99-க்கு விற்றது. அப்படியிருக்க, விலைதான் அந்த விளையாட்டைச் செதுக்கியது என்று எப்படிச் சொல்வது? நல்ல எழுத்தாளர் எந்த விலையிலும் நன்றாக எழுதுவார். அதே ஸ்மித் பிறகு பீட்டர் இர்வினோடு சேர்ந்து எக்ஸைல் எழுதினார், அது முழு விலைதான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தி லாஸ்ட் வி8 என்று ஒன்று, கமடோர் 64-ல் ராப் ஹப்பர்ட் இசை. இசையைக் கேட்டால் எழுந்து போக மனம் வராது. ஆட உட்கார்ந்தால் சாலை தெரிகிற இடமே திரையில் கொஞ்சம்தான், மீதியை வண்டியின் முகப்புப் பலகை பிடித்துக்கொள்கிறது. திருப்பம் கண்ணுக்குத் தெரிவதற்குள் வண்டி மோதிவிடும். சில்லர் என்று இன்னொன்று, மைக்கேல் ஜாக்சனின் திரில்லர் மெட்டை அனுமதியில்லாமல் போட்டு, பிறகு இசையை மாற்றி மறுபடியும் வெளியிடவேண்டி வந்தது. அவசரம் அவசரமாகக் கடைக்கு அனுப்பிய காலம் அது.

கணக்குப்பிள்ளை

இழை நன்றாகப் போகிறது. நான் ஆடுவதை விட வியாபாரக் கதைகளைத்தான் அதிகம் படித்திருக்கிறேன், அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

மாஸ்டர்டிரானிக் 1983-ல் தொடங்கியது. மார்ட்டின் ஆல்பர், ஃபிராங்க் ஹெர்மன், ஆலன் ஷாரம் ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். இவர்கள் கணினிக்காரர்கள் இல்லை, வீடியோ கேசட் விநியோகத்திலிருந்து வந்தவர்கள். ஒரு பொருளை எந்த மூலைக்கடை வரைக்கும் கொண்டுபோகலாம் என்பது அவர்களுக்கு அத்துபடி. கணினிக் கடை என்று ஒன்று ஊருக்கு ஒன்றிரண்டு இருக்கும், பேப்பர் கடையும் பெட்ரோல் பங்க்கும் தெருவுக்குத் தெரு உண்டு. ரூட்டிங் பெடியன் பார்த்த சுழல் தட்டு அந்தக் கணக்கில் வந்ததுதான்.

1.99-ஐப் பிரித்துப் பாருங்கள். அன்று வாட் என்ற விற்பனை வரி 15 சதவீதம். அதைக் கழித்தால் 1.73. அதிலிருந்து கடைக்காரர் பங்கு, மொத்த வியாபாரி பங்கு, கேசட் பதிவுச் செலவு, அட்டை அச்சு எல்லாம் போனபிறகு எழுதியவர் கைக்கு ஒரு பிரதிக்குச் சில பென்னிகள்தான். அதனால் எண்ணிக்கையில்தான் பிழைப்பு. ஒரு விளையாட்டுக்கு ஒரு வருடம் உழைக்க முடியாது. சில வாரத்தில் முடித்து அடுத்ததற்குப் போகவேண்டும். முத்து அண்ணன் சொன்ன பிழைகளுக்குக் காரணம் அதுதான். ஆனந்தி சொன்ன சிக்கனத்துக்குக் காரணமும் அதேதான்.

எழுதியவர்கள் யார் என்றும் பார்க்கவேண்டும். டேவிட் டார்லிங், ரிச்சர்ட் டார்லிங் என்ற சகோதரர்கள் பள்ளி முடிக்கிற வயதிலேயே மாஸ்டர்டிரானிக்குக்கு எழுதிக்கொடுத்தார்கள். 1986-ல் பிரிந்து போய்த் தங்கள் தந்தையோடு சேர்ந்து கோட்மாஸ்டர்ஸ் தொடங்கினார்கள், அதே 1.99 விலையில். பிஎம்எக்ஸ் சிமுலேட்டர், கிராண்ட் பிரீ சிமுலேட்டர் என்று எதற்கெடுத்தாலும் சிமுலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். பெரும்பாலும் மேலிருந்து பார்க்கும் ஒரே திரை ஆர்கேட் பந்தயம்தான், ஆனாலும் தட்டில் பார்க்கிற பிள்ளைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பெயரிலேயே தெரிந்துவிடும். ஃபயர்பேர்டின் கதை இன்னும் வேறு. அது பிரிட்டிஷ் டெலிகாமின் பிள்ளை. நாட்டுக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுத்த நிறுவனம் 1984-ல் பிள்ளைகளுக்குக் கேசட் விளையாட்டு விற்க வந்தது. தொடக்கத்தில் அவர்கள் வைத்த விலை 2.50, பிறகு 1.99-க்கு இறங்கினார்கள்.

வெள்ளைநாடா

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன். பெட்டியில் திரஸ்ட் இருக்கிறது! ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ், பூட்டி, ஜோ பிளேட், டிசி ஆகியவையும் இருக்கின்றன. அடாப்டரை மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியானதுதான்.

சிக்கல் என்னவென்றால் எதுவும் ஏறமாட்டேன் என்கிறது. பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை இணைத்திருக்கிறேன். திரை ஓரத்தில் சிவப்பும் நீலப்பச்சையும் கோடுகள் வருகின்றன, பெயரும் வருகிறது. நீலம் மஞ்சள் கோடுகள் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ‘ஆர் டேப் லோடிங் எரர்’ என்று நின்றுவிடுகிறது. பூட்டியை ஏழு முறை போட்டுப் பார்த்தேன். கேசட்டே கெட்டுவிட்டதா?

ரூட்டிங் பெடியன்

கேசட் கெட்டிருக்காது தம்பி, பெயர் வருகிறது என்றால் சத்தம் போகிறது. நான் இப்போதும் இந்தக் கேசட்டுகளைத் திருத்தி எடுக்கிறவன், ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலில் கேசட்டை ஒருக்கால் கடைசி வரைக்கும் ஓடவிட்டு, திரும்பச் சுற்றுங்கள். நாற்பது வருசம் ஒரே இடத்தில் இறுகிக் கிடந்த நாடா, இளகவேணும். ரெக்கோர்டரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பஞ்சு மண்ணிறமாக வந்தால் திரும்பவும் துடையுங்கள். ரோன் (tone) பட்டனை முழுக்க உயர்த்தி வையுங்கள், சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் வையுங்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் அசிமுத், அதாவது ஹெட் நாடாவில் படும் சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் சுருள் கம்பியோடு ஒரு சின்னத் திருகாணி இருக்கும், பிளே அமத்திய நிலையில் சில ரெக்கோர்டர்களில் ஒரு துளை வழியாகத் தெரியும். முதலில் அது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்து வையுங்கள். வயரைக் கழற்றிவிட்டு, கேசட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அந்த ஆணியைக் கால் சுற்றுக்கும் குறைவாக இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். சத்தம் ஒரு இடத்தில் போர்வைக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும், இன்னொரு இடத்தில் காதைக் குத்தும். காதைக் குத்தும் இடம்தான் வேணும். ஒவ்வொரு கேசட்டையும் வெவ்வேறு மெஷினில் பதிந்தபடியால் அந்த இடம் கேசட்டுக்குக் கேசட் கொஞ்சம் மாறும்.

ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் இருக்கென்று சொன்னீர்கள். 1985, டேவிட் ஜோன்ஸ் எழுதியது, மஜிக் நைட் வரும் முதல் விளையாட்டு. இளவரசி ஜெர்மின்ட்ரூடின் பிறந்தநாளுக்குப் பரிசு தேடிக் கோட்டைக்குள் போகவேணும். குதித்துப் பொருள் எடுக்கும் சாதாரண விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் ஈயக் கட்டியும் ரசவாதக் கல்லும் ஒன்றாகக் கையில் இருந்தபோது, இரண்டும் சேர்ந்து தங்கக் கட்டி ஆகிவிட்டது. நான் அறையை விட்டு ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். வியாபாரிகளிடம் பொருளை விற்கலாம், வாங்கலாம். 1.99க்கு இவ்வளவு வைத்திருக்கிறார்களே என்று அப்பாவும் கேட்டவர்.

அசெம்ப்ளி ஆனந்தி

டிசி இருக்கிறதா, மகளுக்கு அதுவும் பிடிக்கும். 1987, ஆலிவர் இரட்டையர்கள், பிலிப்பும் ஆண்ட்ரூவும். அப்போது அவர்களுக்கு 19 வயது, ஆம்ஸ்ட்ராட் சிபிசி கணினியில் எழுதினார்கள். நாயகன் ஒரு முட்டை. குட்டி உருவத்தில் கண்ணும் வாயும் தெரியவேண்டும் என்றால் முகம் பெரிதாக இருக்கவேண்டும், அப்படிப் பெரிதாக்கிக்கொண்டே போனால் முகமே உடம்பாகிவிடுகிறது. குதித்தால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போவான். தரையில் விழுந்த பிறகும் உருண்டு முடிக்கும் வரை நம் பேச்சைக் கேட்கமாட்டான், அதனால் எங்கே குதிப்பது என்பதை முன்பே யோசிக்கவேண்டும். அடுத்த பாகமான டிரெஷர் ஐலண்ட் டிசியில் ஒரே ஒரு உயிர்தான். தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது மூச்சுக்குழாயைத் தவறிக் கீழே போட்டால் அங்கேயே முடிந்தது. இன்றைக்குப் பார்த்தால் கொடுமை, ஆனால் 1.99-க்கு ஒரு மாதம் ஓடவேண்டுமே.

ஜோ பிளேடைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பெக்ட்ரமில் 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம்தான் வைக்க முடியும். ஒரு நிறத்து ஆள் வேறு நிறத்து மரத்தைக் கடந்தால் மரத்தின் நிறம் ஆளின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஜோ பிளேட் பெரிய உருவங்களை ஒரே நிறத்தில் நடக்கவிட்டு அந்தச் சிக்கலே வராமல் பார்த்துக்கொண்டது. அந்தக் கால ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் பலவற்றில் அறை நகராமல், ஓரத்துக்குப் போனதும் அடுத்த அறை டக்கென்று மாறுவதற்கும் நான் மேலே போட்ட துடிப்புக் கணக்குதான் காரணம். அறையை ஒருமுறை வரைந்துவிட்டு, நகர்கிற உருவங்களை மட்டும் அழித்து அழித்து வரைவார்கள்.

கமடோர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பெயர்: கிக்ஸ்டார்ட். 1985, மாஸ்டர்டிரானிக், ஷான் சதர்ன். திரை மேலும் கீழுமாகப் பிரிந்து இரண்டு பைக். முடுக்கிப் பிடித்துக்கொண்டே போனால் ஜெயிக்க முடியாது. சில தடைகளை வேகமாகத் தாண்டவேண்டும், சிலவற்றின் மேல் பூனை நடப்பதுபோல் ஏறவேண்டும். சதர்ன் பின்னாளில் அமிகா கணினியில் லோட்டஸ் பந்தய விளையாட்டுகளைச் செய்தார், அந்தக் கையின் பழக்கம் கிக்ஸ்டார்ட்டிலேயே தெரியும். ராப் ஹப்பர்ட்டும் அப்படித்தான். ஒன் மேன் அண்ட் ஹிஸ் டிராய்ட், ஆக்‌ஷன் பைக்கர், திரஸ்ட், எல்லாம் 1.99. கமடோரின் சிட் என்ற இசைச் சிப்பின் மூன்றே குரல்களில் அவர் செய்ததை இன்றைக்கும் இசைக்காகவே தனியாகக் கேட்கிறார்கள்.

அப்புறம் காத்திருப்பு. ஸ்பெக்ட்ரமில் 48கே நினைவகம் நிறைய ஏற்ற ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். கமடோரின் சொந்த டேப் நிரலை மட்டும் நம்பினால் கால் மணி நேரத்துக்கு மேல், அதனால் ஆளாளுக்கு வேக லோடர் எழுதினார்கள். மாஸ்டர்டிரானிக்கின் சில கேசட்டுகளில் இன்வேட்-எ-லோட் என்று ஒன்று வரும். விளையாட்டு ஏறுகிற நேரத்தில் ஆட ஒரு குட்டி ஸ்பேஸ் இன்வேடர்ஸ்! டேப்பிலிருந்து வரும் ஒவ்வொரு துடிப்பையும் தவறவிடாமல் பிடித்துக்கொண்டே இன்னொரு விளையாட்டையும் ஓட்டுவது எவ்வளவு நுணுக்கமான வேலை. இரண்டு பவுண்டுக் கேசட்டில் அதைச் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

முத்து 3.5

பெடியனின் அந்தத் தங்கக் கட்டி கதையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸை எமுலேட்டரில் போட்டேன். மணி ஒன்றாகிவிட்டது. நான் அந்தக் காலத்தில் அட்டையைப் பார்த்தே ஒதுக்கிய விளையாட்டு அது. முக்கால்வாசி தேறாது என்று சொன்னதை மாற்றமாட்டேன், என் பணம் போனது போனதுதான். ஆனால் மிச்சக் கால்வாசியில் நான் ஆடாதது நிறைய இருக்கிறது என்று புரிகிறது.

இன்னொன்றையும் யோசித்தேன். 1987-க்குப் பிறகு 1.99 தட்டிலேயே நிலைமை மாறியது. எலைட் நிறுவனம் என்கோர் என்ற லேபிளில் தன் பழைய முழு விலை விளையாட்டுகளை மலிவாக இறக்கியது. ஓஷன் நிறுவனம் ஹிட் ஸ்குவாட் என்ற லேபிளிலும், யூஎஸ் கோல்ட் நிறுவனம் கிக்ஸ் என்ற லேபிளிலும் அதையே செய்தன. இரண்டு வருடம் முன்னால் எட்டு ஒன்பது பவுண்டுக்கு விற்ற கமாண்டோ, பெயர் தெரியாத ஒரு புது விளையாட்டின் பக்கத்தில் ஏறத்தாழ அதே விலையில் நிற்கிறது. பிள்ளை எதை எடுக்கும்? கமாண்டோவைத்தான். மலிவு விலைக்கென்றே புதிதாக எழுதியவர்களுக்கு அங்கேதான் அடி விழுந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முழு விளையாட்டுகள் உள்ள கேசட்டைப் பத்திரிகைகள் அட்டையில் ஒட்டிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. 1.99 என்பதும் 2.99, 3.99 என்று ஏறிப்போனது.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. குப்பை என்று திட்டினாலும், அந்தத் தட்டில்தான் பத்தொன்பது வயதுப் பையன்கள் எழுதியது கடைக்கு வந்தது. ஹிட் ஸ்குவாட் தட்டில் அவர்களுக்கு இடமில்லை.

கணக்குப்பிள்ளை

முத்து அண்ணன் சொன்னதோடு மாஸ்டர்டிரானிக்கின் முடிவையும் சேர்த்துவிடுகிறேன். ஆர்கேட் விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சம்பாதித்தவர்கள், எதிர்த் திசையில் போக ஆசைப்பட்டார்கள். அமிகா வன்பொருளை வைத்து ஆர்கேடியா என்று நாணயம் போடும் பெட்டிகளையே செய்தார்கள். அது எடுபடவில்லை, பணம் கரைந்தது. வர்ஜின் குழுமம் 1987-ல் பங்கு வாங்கியது, அடுத்த வருடம் முழுவதையும் எடுத்துக்கொண்டது.

அதே 1987-ல் அவர்கள் கைக்கு இன்னொன்றும் வந்திருந்தது: சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் என்ற விளையாட்டு மெஷினை பிரிட்டனில் விற்கும் உரிமை. பேப்பர் கடை வரைக்கும் சரக்கு அனுப்பிப் பழகிய அதே கூட்டம் சேகாவை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1991-ல் சேகா அந்தக் கம்பெனியையே வாங்கித் தன் ஐரோப்பியக் கிளையாக ஆக்கிக்கொண்டது. சேகாவின் அடுத்த மெஷினான மெகா டிரைவ் ஐரோப்பாவில் நன்றாக விற்றதற்குப் பின்னால் 1.99 கேசட்டை விற்றுப் பழகிய கைகளும் இருந்தன. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

வெள்ளைநாடா

ஏறிவிட்டது! பெடியன் அண்ணா, அசிமுத்தான். நீங்கள் சொன்ன மாதிரியே சத்தம் போர்வைக்குள் இருந்தது, ஆணியைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம் திருப்பியதும் காதைக் குத்தியது. வயரை மாட்டிப் பூட்டியைப் போட்டேன். படம் வரி வரியாக வந்து, பிறகு ஐந்து நிமிடமும் மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கைபேசியில் எது வேண்டுமானாலும் ஒரு நொடியில் திறக்கிற பிள்ளை அவள்.

திரஸ்டையும் போட்டோம். முதல் நாள் அவளால் உருண்டையைத் தூக்கவே முடியவில்லை. இரண்டாம் நாள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்: ‘முதல்ல நேரா மேல போகணும்ப்பா, அப்புறம்தான் திரும்பணும், இல்லைன்னா ஆடும்.’ இப்போது மூன்றாவது நிலையில் இருக்கிறாள். நான் இன்னும் இரண்டில்.

பூட்டியின் அட்டையை வெளியே எடுத்தபோது ஒன்று பார்த்தேன். உள்பக்கம் வெள்ளையாக இருக்கும் இடத்தில் பென்சிலால் 20 கட்டம் போட்டிருக்கிறது. விளையாட்டு நடக்கும் கப்பலில் 20 அறை. ஒரு நேரத்தில் ஒரு சாவிதான் எடுக்கமுடியும் என்பதால், எந்த எண் சாவி எந்த அறையில், எந்த எண் கதவு எந்த அறையில் என்று குட்டிக் குட்டியாக எழுதியிருக்கிறது. ஒரு பிள்ளையின் கையெழுத்து. 14 கட்டத்தில் எழுத்து இருக்கிறது, 6 காலி. அந்தப் பிள்ளை அதற்கு மேல் போகவில்லை போலும், அல்லது வேறு கேசட் வாங்கியிருக்கும்.

மகள் நேற்று ராத்திரி 15-ஐ நிரப்பினாள். பேனா எடுத்தாள், நான் வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தேன்.